கொடுவாக் குளத்தில் இரைமீனின் கணக்கு

தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் இடையில், கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி, எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் பரப்பில் ஓர் உவர்நீர்க் குளம் இருக்கிறது. இராமநாதபுரம் கடற்கரை முழுவதும் இறால் வளர்ப்பு பரவிய தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் தந்தை அதை வெட்டினார். 1990களின் நடுவில் வெண்புள்ளி நோய் வந்து குளம் குளமாக இறால் செத்து ஒதுங்கிய பிறகு அதைக் கைவிட்டார். அதன்பின் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கரையெங்கும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த அந்தக் குளத்தை நான்கு ஆண்டுகளுக்கு முன் சுத்தம் செய்து, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்து, கொடுவா மீன் வளர்க்கத் தொடங்கினேன்.

இறாலுக்குப் பதிலாகக் கொடுவாவைத் தேர்ந்ததற்குக் காரணம் எங்கள் நீரின் தன்மை. மழை முடிந்த தை மாதத்தில் 12 அல்லது 15 பிபிடி (ஆயிரம் பங்கு நீரில் இத்தனை பங்கு உப்பு என்னும் அளவு) இருக்கும் உப்பு, ஆடி பிறக்கும்போது கடல்நீரையும் தாண்டி 40க்கு மேல் ஏறிவிடுகிறது. நன்னீரிலிருந்து முழுக் கடல்நீர் வரை தாங்கும் கொடுவாவுக்கு இந்த ஏற்றம் பெரிய இடரில்லை. கொடுவா ஊனுண்ணி என்பதால் உயிருள்ள இரையையும் அதே குளத்தில் வளர்த்துவிட்டால் தீவனச் செலவு குறையும் என்று கணக்கிட்டேன். இரைக்கு நான் தேர்ந்தது ஜிலேபிக் கெண்டை. 1952ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீன் இன்று நம் கண்மாய்களிலும் ஊரணிகளிலும் தானாகவே பெருகிக் கிடக்கிறது. கடல்நீர் அளவு உப்பிலும் குஞ்சு பொரிக்கும். பாசியையும் சாணத்தில் விளையும் நுண்ணுயிர்களையும் தின்று வளரும். ஆகவே சாணம் பாசியாகி, பாசி ஜிலேபியாகி, ஜிலேபி கொடுவாவாகும் என்ற சங்கிலி என் நோட்டுப் புத்தகத்தில் மிக நேர்த்தியாக அமைந்தது.

முதல் ஆண்டு அந்தச் சங்கிலி இரண்டு மாதத்தில் அறுந்தது. 400 கொடுவாக் குஞ்சுகளையும் 500 ஜிலேபிக் குஞ்சுகளையும் ஒரே நாளில் விட்டதுதான் நான் செய்த பிழை. ஜிலேபி வளர்ந்து, இணைசேர்ந்து, அடுத்த தலைமுறையைத் தருவதற்குள் கொடுவா அந்த ஐந்நூறையும் தின்று தீர்த்தது. போதாக்குறைக்கு, எனக்கு விற்கப்பட்ட கொடுவாக் குஞ்சுகள் ஒரே அளவில் இல்லை. இரண்டு அங்குலமும் நான்கு அங்குலமும் ஒரே பையில் கலந்து வந்தன. நான் அதைக் கண்டும் பிரிக்காமல் அப்படியே விட்டுவிட்டேன். கொடுவா தன் இனத்தையே தின்னும், அதுவும் சிறு வயதில் மிகக் கடுமையாகத் தின்னும் என்பதைப் படித்திருந்தும், குளம் பெரிது, அவை ஒன்றையொன்று தேடிப் போகா என்று நினைத்தேன். ஜிலேபி தீர்ந்த நாளிலிருந்து பெரியவை சிறியவற்றைத் தின்றன. ஐந்து மாதம் கழித்து இழுவலை போட்டு எண்ணியபோது 52 மீன்களே இருந்தன. அவற்றிலும் பெரும்பாலானவை தலை பெருத்து, முதுகு சூம்பி, வயிறு ஒட்டிக் கிடந்தன.

இரண்டாம் ஆண்டு அந்த அச்சத்திலேயே எதிர்ப்பக்கம் போனேன். ஜிலேபியை முன்னதாகவே விட்டு, நன்றாகப் பெருகவிட்டு, அதன்பின் 60 கொடுவாவை மட்டும் விட்டேன். கொடுவா கொழுத்தது என்னவோ உண்மை. ஆனால் வைகாசி மாதத்தில் குளம் முழுவதும் விரல்நீள ஜிலேபியாக நிறைந்துவிட்டது. இந்த மீனுக்கு நெருக்கம் மிகுந்தால் வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் இனப்பெருக்கம் நிற்பதில்லை. நான்கு அங்குலத்துக்கும் குறைவான பெண் மீன்கள் வாய் நிறைய முட்டையோடு வலையில் விழுந்ததைப் பார்த்தபோதுதான், இது எத்தகைய மீன் என்பது எனக்கு விளங்கியது. பாசி தீர்ந்து நீர் தெளிந்தது. தின்பதற்கு ஏதுமில்லாத ஜிலேபிகள் குளத்தின் அடிச்சேற்றைக் கிளறிக் கிளறி அதைக் கலங்கலாக்கின. கலங்கல் நீரில் வெளிச்சம் இறங்காமல் மறுபடி பாசி விளையவில்லை. 60 கொடுவாவால் அந்தப் பெருக்கத்தைக் குறைக்கவே முடியவில்லை.

இந்த இரண்டு தோல்விகளுக்கும் இடையில் நான் படித்தவற்றில் ஒன்று மிகவும் உதவியது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆபர்ன் கல்வி நிறுவனத்தில் பணியாற்றிய ஹோமர் ஸ்விங்கிள் என்னும் அறிஞர், பண்ணைக் குளங்களில் பாஸ் என்னும் வேட்டை மீனையும் புளூகில் என்னும் இரை மீனையும் சேர்த்து வளர்த்து, பல குளங்களை வற்றவைத்து, உள்ளிருந்த ஒவ்வொரு மீனையும் எடைபோட்டு ஆராய்ந்தவர். 1950இல் வெளியான அவருடைய அறிக்கை இரைமீன்களின் மொத்த எடையை வேட்டை மீன்களின் மொத்த எடையால் வகுத்துப் பார்க்கச் சொல்கிறது. அந்த ஈவு 3க்கும் 6க்கும் இடையில் இருக்கும் குளமே நல்ல சமநிலையில் இருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. இரையை முதலில் விட்டு, அது நிலைபெற்ற பிறகே வேட்டை மீனை விடும் முறையும் அங்கே அன்றே வழக்கத்துக்கு வந்துவிட்டது.

அந்த எண்ணை நான் முதலில் அப்படியே எடுத்துக்கொண்டேன். பிறகுதான் நம் குளத்துக்கும் அலபாமா குளத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு உறைத்தது. அங்கே பாஸும் குளத்திலேயே முட்டையிடுகிறது, புளூகிலும் முட்டையிடுகிறது. இரை பெருகினால் வேட்டை மீனின் குஞ்சுகளும் பெருகி அதைப் பின்தொடரும். நம் கொடுவாவோ கடல் முகத்துவாரத்தில்தான் முட்டையிடும். அதுவும் முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறும் மீன் அது. ஒரு கிலோ எடையில் நாம் பிடித்துவிடும் குளத்துக் கொடுவா பெண்ணாகும் வயதையே எட்டுவதில்லை. ஆகவே நம் குளத்தில் கொடுவாவின் எண்ணிக்கை விட்ட நாளிலிருந்து குறைய மட்டுமே முடியும். ஜிலேபியின் எண்ணிக்கையோ தானாக ஏறிக்கொண்டே போகும். அதே வேளையில் எண்ணிக்கையில் குறைந்துவரும் கொடுவாவின் வாய் மாதந்தோறும் அகலமாகிறது. அது தின்னும் இரையின் அளவும் மாறுகிறது. விடுகின்ற அன்று எத்தனைக்கு எத்தனை என்று கணக்கிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் ஆறே வாரத்தில் அந்தக் கணக்கு செல்லாததாகிவிடும்.

வாயின் அகலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் தவறுகிறார்கள். மடவை போல உருண்டு நீண்ட மீன் என்றால், தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருந்தாலும் கொடுவா விழுங்கிவிடும். ஜிலேபி அப்படிப்பட்டதன்று, உடல் அகலமானது, முதுகுத் துடுப்பில் வரிசையாக முள் நிற்பது. அதனால் ஜிலேபி இன்னும் சிறியதாக இருந்தால்தான் கொடுவாவின் வாய்க்குள் போகும். ஒரு சாண் நீளக் கொடுவாவின் முன்னால் உள்ளங்கை அகல ஜிலேபிகள் ஆயிரம் இருந்தாலும் அந்தக் கொடுவா பட்டினிதான் கிடக்கும். மொத்த எடையை மட்டும் வகுத்துப் பார்த்தால் அந்தக் குளத்தில் இரை ஏராளமாக இருப்பதாகத் தோன்றும். கொடுவாவின் முதுகைத் தடவிப் பார்த்தால் எலும்பு தட்டும்.

இதை எனக்குக் கண்ணால் காட்டியவர் திருப்பாலைக்குடியில் வீச்சுவலை வீசும் ஒரு முதியவர். நான் பெரியப்பா என்றே அழைப்பேன். இரண்டாம் ஆண்டு அறுவடையின்போது, வலையில் விழுந்த ஜிலேபிகளை நான் எண்ணிக் குறித்துக்கொண்டிருந்ததைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, எத்தனை விழுந்துச்சுன்னு எண்ணி என்ன ஆகப்போகுது? எந்த அளவு மீன் விழலைன்னு பாரு" என்றார்.

மூன்றாம் ஆண்டு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின்படியே நடந்தேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, வெயில் ஏறுமுன், குளத்தின் ஐந்து இடங்களில் வீச்சுவலை வீசுவோம். விழுந்த ஜிலேபிகளை நனைத்த சாக்கின் மேல் போட்டு, சுண்டுவிரல் அளவு, நடுவிரல் அளவு, உள்ளங்கை அளவு என்று மூன்றாகப் பிரித்து, குறித்துக்கொண்டு, மறுபடி நீரில் விடுவோம். மூன்றும் இருந்தால் குளம் நன்றாக இருக்கிறது என்று பொருள். உள்ளங்கை அளவும் சுண்டுவிரல் அளவும் இருந்து, இடையில் நடுவிரல் அளவு மட்டும் குறைவாக இருந்தால் அதுவும் நல்லதே. கொடுவா அந்த அளவைத் தின்றுகொண்டிருக்கிறது. நடுவிரல் அளவு மட்டுமே குவிந்து, மற்ற இரண்டும் அருகிப்போனால் ஜிலேபி நெருங்கித் தேங்கிவிட்டது, வேட்டை போதவில்லை.

மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டியது சுண்டுவிரல் அளவு காணாமற்போகும் நிலை. அதற்கு ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். தவறாகப் புரிந்துகொண்டால் செய்கின்ற வைத்தியமே நோயாகிவிடும். கொடுவா மிகுதியாகி, பிறக்கும் குஞ்சையெல்லாம் தின்றுவிடுவது முதற்காரணம். உப்பு ஏறியோ வேறு காரணத்தாலோ ஜிலேபி இனப்பெருக்கத்தையே நிறுத்திவிடுவது இரண்டாவது. எதுவென்று அறிய, உள்ளங்கை அளவுப் பெண் ஜிலேபிகளின் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். இந்த இனத்தில் தாய்தான் முட்டையையும் பொரித்த குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கிறது. வாயில் முட்டை இருந்தால் பிறப்பு நடக்கிறது, பிறந்தவை தின்னப்படுகின்றன. கொடுவாவில் ஒரு பகுதியைப் பிடித்துக் குறைக்க வேண்டும், அல்லது குஞ்சுகளுக்கு ஒளிந்துகொள்ள இடம் தர வேண்டும். பத்துப் பதினைந்து தாய்களைப் பார்த்தும் ஒன்றின் வாயிலும் முட்டை இல்லையென்றால் குறை நீரில் இருக்கிறது. அப்போது கொடுவாவைக் குறைத்துப் பயனில்லை. நீரை மாற்ற வேண்டும்.

குஞ்சுகள் ஒளிந்துகொள்ளும் இடத்துக்கு நாங்கள் பயன்படுத்துவது கரையில் வெட்டிக் காயவைத்த சீமைக்கருவேல மிலாறுகளும் பனைமட்டைகளும்தான். கட்டாகக் கட்டி, கல் வைத்து, ஆழம் குறைந்த மூலைகளில் அமிழ்த்துகிறோம். கொடுவா நுழைய முடியாத அந்த இடுக்குகளில் குஞ்சுகள் முதல் சில வாரங்களைக் கடத்திவிடும். ஆனால் இதிலும் அளவு உண்டு. மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் ஆர்வத்தில் பன்னிரண்டு கட்டுகள் போட்டேன். இரை பெருகியும் கொடுவா மெலிந்தது. பாதியை வெளியே எடுத்த பின்னரே சரியாயிற்று. இப்போது ஆறு கட்டுகள் மட்டும், அவையும் வடக்கு, கிழக்குக் கரைகளில் மட்டும் இருக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை பக்கத்துக் கண்மாய்களுக்கு வரும் நீர்க்காகங்களிலிருந்தும் இந்தக் கட்டுகள் கொஞ்சம் காக்கின்றன. அந்தப் பறவைகளுக்கு நான் எந்தத் தீங்கும் செய்வதில்லை. குஞ்சு விட்ட முதல் மாதம் குளத்தின் குறுக்கே நூல் கட்டிவிடுகிறேன், அவ்வளவே.

எத்தனை விடலாம் என்று கேட்பவர்களுக்கு என் கணக்கைச் சொல்கிறேன். தாய்லாந்து அனுபவத்தை வைத்து 1980களில் தொகுக்கப்பட்ட வளர்ப்புக் கையேடு, ஜிலேபியோடு சேர்த்து வளர்க்கும் குளத்தில் ஹெக்டேருக்கு 3,000 முதல் 5,000 வரை கொடுவா விடலாம் என்கிறது. அதற்கு முன் ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்ற விகிதத்தில் ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 வரை தாய் ஜிலேபிகளை விட்டு, குஞ்சு பெருகும்வரை ஒன்றிரண்டு மாதம் காத்திருக்கச் சொல்கிறது. காத்திருப்பையும் ஆண்பெண் விகிதத்தையும் அப்படியே பின்பற்றினேன். தாய் ஜிலேபி, கொடுவா இரண்டின் எண்ணிக்கையையும் மிகவும் குறைத்துக்கொண்டேன், ஏனென்றால் மேலதிக இரை தருவதற்கு நம் கரையில் ஒரு பெருந்தடை இருக்கிறது. ஒரு கிலோ கொடுவா வளர ஏறத்தாழ ஐந்து முதல் எட்டு கிலோ வரை மீன் இரை வேண்டும். 100 கிலோ கொடுவா எடுக்க நினைத்தால் 500 முதல் 800 கிலோ இரைக்கு வழி இருக்க வேண்டும். மற்ற மாதங்களில் விசைப்படகுகள் கொண்டுவரும் காரலையும் சூடையையும் மலிவாக வாங்கிக் குறையை நிரப்பலாம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும்; கழிவு மீன் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது. கொடுவா மிக விரைந்து வளரும் மாதங்களும் அவைதான். அந்த இரண்டு மாதமும் குளத்தில் பிறக்கும் ஜிலேபி மட்டுமே கொடுவாவைத் தாங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, ஒரு ஏக்கருக்கு 250 கொடுவா என்று முடிவு செய்தேன்.

மூன்றாம் ஆண்டின் நடைமுறை இப்படி அமைந்தது. கார்த்திகையோடு குளத்தை வற்றவிட்டிருந்தோம். மார்கழிக் கடைசியில் சுண்ணாம்பு தூவி, ஓடை நீரை நெருங்கிய கண்ணுள்ள வலைப்பை வழியாக ஏற்றினோம். இந்த வலைப்பையை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. ஓடை நீரோடு கீச்சானும் உளுவையும் நுழைந்துவிட்டால், நாம் விடாத வேட்டை மீன்கள் நம் கணக்கில் இல்லாத இரையைத் தின்னத் தொடங்கிவிடும். சாணக் கரைசல் ஊற்றி நீர் பச்சை பிடித்ததும், தை பாதியில் 400 தாய் ஜிலேபிகளை விட்டோம். பங்குனித் தொடக்கத்தில் கரையோரம் குஞ்சுக் கூட்டங்கள் கரும்புள்ளிகளாகத் திரண்டு நகர்ந்ததைக் கண்ட பிறகே கொடுவா வாங்கப் புறப்பட்டேன். இம்முறை நான்கு அங்குலத்துக்குக் குறைவான குஞ்சை வாங்க மறுத்துவிட்டேன். வாங்கியவற்றையும் நீருக்குள் தொட்டிபோல் கட்டும் மூன்று ஹாப்பா வலைகளில் அளவுவாரியாகப் பிரித்து, பத்து நாள் வைத்து, மிகப் பெரிதாக முந்திக்கொண்டவற்றை ஒதுக்கிவிட்டு, ஒரே அளவானவற்றை மட்டும் குளத்தில் விட்டேன். பாசிப் படை கட்டாமல் இருக்க, கொடுவாவின் வாய்க்கு அடங்காத அளவில் கொஞ்சம் பால்மீனும் மடவையும் விட்டோம். அவை இரண்டும் குளத்தில் குஞ்சு பொரிக்கா என்பதால் இரையாக அவற்றை நம்ப முடியாது.

சித்திரைக் கடைசியில் மூன்று குவியல்களில் உள்ளங்கை அளவுக் குவியல் பெருத்தது. கொடுவாவின் வாய்க்குத் தப்பி வளர்ந்துவிட்ட இந்த மீன்கள்தாம் குஞ்சு தருபவை என்பதால் எல்லாவற்றையும் எடுத்துவிடக் கூடாது. விட்டுவைத்தாலோ பாசி முழுவதையும் அவையே தின்றுவிடும். வைகாசியில் இரண்டு முறை கண் பெரிய செவுள்வலை கட்டி, ஏறத்தாழ 60 கிலோ எடுத்து ஊரிலேயே விற்றோம். கொடுவாவால் தின்ன முடியாத அளவை மனிதன்தான் எடுக்க வேண்டும் என்பது எனக்கு அந்த ஆண்டு முழுமையாகப் புரிந்தது. வலையை எடுத்த மூன்றாவது வாரமே சுண்டுவிரல் அளவுக் குவியல் மறுபடி ஏறியது. அதைப் பார்த்த மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

ஆடியில் உப்பு 43 பிபிடியைத் தொட்டது. தாய்களின் வாயில் முட்டை குறைந்தது. குளத்தின் நீரில் கால்பங்கை இறக்கிப் புது நீர் ஏற்றினோம். தடைக்காலம் முடிந்துவிட்டதால் மாலைதோறும் கொஞ்சம் காரலும் வாங்கிப் போட்டோம். புரட்டாசியில், சோளகம் ஓய்ந்து வாடை தொடங்குவதற்கு முன் காற்று முற்றிலும் விழுந்த இரண்டு நாட்கள், விடியற்காலையில் ஜிலேபிகள் மேலே வந்து வாய் திறந்து நின்றன. முதல் நாளே சாணத்தை நிறுத்தி, பம்பால் நீரைத் தெளித்து ஓட்டியதால் இழப்பு ஒன்பது கொடுவாவோடு நின்றது. ஜிலேபி குறைந்த உயிர்வளியையும் தாங்கும், கொடுவா தாங்காது. ஆகவே இந்தக் குளத்தில் ஒரு கெட்ட விடியல் வந்தால் சமநிலை எப்போதும் ஜிலேபியின் பக்கமே சாயும்.

ஐப்பசி பத்தாம் தேதிக்குள் கொடுவா முழுவதையும் பிடித்துவிட்டோம். வடகிழக்கு மழை கொட்டிக் கரை வழிந்தால் கொடுவா ஓடைக்குப் போவது எனக்கு நட்டம். ஜிலேபி ஓடை வழியாகக் கண்மாய்க்குப் போவது ஊருக்கே நட்டம். ஏற்கெனவே அங்கே இருக்கிற மீன்தானே என்று சிலர் சொல்வதுண்டு. இருக்கிறது என்பதற்காக மேலும் சேர்க்க எனக்கு மனமில்லை. விரைவில் வளரும் என்று ஆப்பிரிக்கக் கெளுத்தியை வேட்டை மீனாக விடச் சொல்லி அறிவுரை தருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மீன் 2000ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. நம் அயிரையையும் விராலையும் பற்றிக் கவலை உள்ள எவரும் அதைத் தொடக் கூடாது.

விட்ட 250இல் 171 கொடுவா கைக்கு வந்தன. மொத்தம் 118 கிலோ; தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலானவை 600 முதல் 800 கிராம், மிகப் பெரியது 1 கிலோ 100 கிராம். அவற்றில் முதுகு சூம்பிய மீன் ஒன்றுகூட இல்லை. ஸ்விங்கிளின் ஈவைக் கணக்கிட, அன்று குளத்தில் எஞ்சியிருந்த ஜிலேபியையும் பால்மீனையும் மடவையையும் முழுவதுமாக எடைபோட்டேன்: 402 கிலோ. வகுத்தால் 3.4 வந்தது. பெரியப்பா அந்த எண்ணைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கொடுவாவை எடுத்து அதன் வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்து, நடுவிரல் நீள ஜிலேபி ஒன்று உள்ளே இருப்பதை எனக்குத் தொட்டுக் காட்டினார்.

இந்த ஆண்டும் அறுவடை முடிந்துவிட்டது. குளம் இப்போது வற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த தைக்கு வேண்டிய தாய் மீன்களாக, உள்ளங்கை அளவில் 100 ஆணும் 300 பெண்ணும் பிரித்து, கிணற்றடித் தொட்டியில் விட்டிருக்கிறேன். கொடுவாவை அடுத்த முறை 280 ஆக்கலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். அதைப் பங்குனியில், கரையோரம் எத்தனை குஞ்சுக் கூட்டம் நகர்கிறது என்று பார்த்த பிறகே முடிவு செய்வேன்.